வைட்டிலாவா, வைற்றிலயா?

வைட்டிலாவில் மெட்ரோ ஏறித் திருப்பூணித்துறைப் பக்கம் போகிறவர்கள், தைக்கூடம் தாண்டி வரும் பேட்ட நிலையத்தின் பெயர்ப்பலகையைச் சற்றுக் கவனித்துப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் வைட்டிலாவுக்கும் பேட்டவுக்கும் நடுவில் இரண்டு ‘டி’தான். மலையாளத்திலோ இரண்டும் வேறு வேறு எழுத்து. பேட்டயில் இருப்பது நம்முடைய ‘ட்ட’. வைட்டிலாவில் இருப்பது ஒரு றகரத்தின் கீழ் இன்னொரு றகரம், அதாவது ‘ற்ற’. கடைசி நிலையமான திருப்பூணித்துறையில் ‘த்து’. ஒரே பாதையில் மூன்று ஒலிகள். நாம் முதல் இரண்டையும் ‘ட்ட’ என்றே சொல்லிவிடுகிறோம். மலையாளப் பலகையில் உள்ளபடி எழுதினால் நாம் குடியிருக்கும் இடத்தின் பெயர் ‘வைற்றில’.

அதற்காக ‘வைட்ரில’ என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். கடைச் சேட்டன் வெற்றிலையை எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். அதில் ‘ட்ர’ இல்லை; ‘ட்ட’வும் இல்லை, ‘த்த’வும் இல்லை. ‘த்த’ சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறத்தில் படுகிறது. ‘ட்ட’வுக்கு நுனி பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. ‘ற்ற’ இரண்டுக்கும் நடுவே, பல்லுக்குச் சற்று மேலே உள்ள ஈறு மேட்டில் பிறக்கிறது. 1676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் சில மில்லிமீட்டர் வித்தியாசத்தைத் தேடியே உத்தியோக காலத்தைக் கழித்தவனுக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருக்கிறது!

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நாக்கு நுனியைத் துடைத்து, ஒரு சிட்டிகை கோகோப் பொடியைத் தடவிக்கொண்டு, ‘அத்த’ என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, வாயைத் திறந்து சிறு கண்ணாடியில் மேல்வாயைப் பாருங்கள். பொடி எங்கே ஒட்டியிருக்கிறதோ அதுதான் அந்த ஒலியின் பிறப்பிடம். வாய் கொப்பளித்துவிட்டு ‘அட்ட’, பிறகு ‘அற்ற’. கடைசியை நீங்கள் சொல்வதோடு, இங்கே பிறந்த உங்கள் பிள்ளையையும் சொல்லச் சொல்லுங்கள். ஒலிநூல் ஆராய்ச்சியாளர்கள் கரித்தூளை வைத்துச் செய்யும் சோதனை இதுவே.

இந்த ஒலி மலையாளிகளின் தனிச்சொத்து அல்ல. தொல்காப்பியப் பிறப்பியல் தகரத்துக்கும் நகரத்துக்கும் பல்லின் அடியை இடமாகச் சொல்லி, றகரத்தையும் னகரத்தையும் தனியே பிரித்து வைக்கிறது. பிறகு தமிழ்நாட்டில் அது நாவைவிட்டு நழுவிவிட்டது. புத்தகத்தைப் படிக்கும்போது ‘வெட்ரிலை’ என்கிறோம், பேச்சில் ‘வெத்தலை’ என்கிறோம். காற்று காத்தாயிற்று, சிற்றன்னை சித்தியானாள். யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘ற்ற’வைப் பழைய இடத்திலேயே சொல்கிறார்கள். மலையாளத்திலும் முற்றம், நெற்றி, குற்றம் எல்லாவற்றிலும் அது உயிரோடு இருக்கிறது. ஆங்கிலச் சொற்களுக்குக்கூட அவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ‘டிக்கெட்’டை மலையாளத்தில் எழுதும்போது முதல் எழுத்து ‘ட’, கடைசி ‘ற்ற’. கேட், பிளேட், பாட்டரி இவற்றிலும் அப்படியே.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் நம் பிள்ளைகள். விடுமுறைக்கு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போன பையன் ‘முற்றம்’ என்று மலையாள வாடையோடு சொன்னால் வீடே சிரிக்கிறது. பாட்டி, ‘தமிழை மறந்துட்டானே’ என்று வருத்தப்படுகிறார். இரண்டு முறை கேலிக்கு ஆளான பிள்ளை மூன்றாம் முறை தமிழில் வாய் திறப்பதில்லை. என் அபிப்பிராயத்தில் இந்த இடத்தில் திருத்தப்பட வேண்டியவர்கள் பெரியவர்கள்தான். பிள்ளை சொல்வது தவறே இல்லை. தமிழ் எழுத்துப்பிழையைப் போக்க இதைவிட நல்ல கருவியும் நம் கையில் இல்லை.

எப்படி? அரை, அறை இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் ஒன்றாகத்தான் சொல்கிறோம். எந்த ‘ர’ என்று மனப்பாடம் செய்துதான் எழுதுகிறோம். மலையாளத்தில் பாதி ‘அர’, உள்ளறை ‘அற’. முதலாவதில் நாக்கு ஒருமுறை லேசாகத் தட்டுகிறது, இரண்டாவதில் அதிர்கிறது. ஆற்றங்கரை ‘கர’, துணியில் படிந்தது ‘கற’. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் காதிலேயே இருக்கிறது. வாழைக்கும் வாளை மீனுக்கும் ‘வாழ’, ‘வாள’ என்று அவன் தடுமாறாமல் சொல்வான். தமிழ் எழுதும்போது ‘மலையாளத்தில் சொல்லிப் பார்’ என்று நினைவுபடுத்தினால் போதும்.

எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. ‘ந’, ‘ன’ விஷயம் விசித்திரமானது. நமக்கு எழுத்து இரண்டு, ஆனால் பெரும்பாலோர் நாவில் ஒலி ஒன்று. மலையாளத்தில் எழுத்து ஒன்று, ஒலி இரண்டு! ‘நனைந்தது’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘நனஞ்ஞு’வில் முதல் எழுத்து பல்லிலும் அடுத்தது ஈற்றிலும் பிறக்கின்றன; எழுதுவது ஒரே எழுத்தை. அதுவரை நமக்கு லாபம். ஆனால் நம் ‘ன்ற’ அங்கே பல்லில் பிறக்கும் ‘ந்ந’ ஆகிவிட்டது. பன்றி ‘பந்நி’, ஒன்று ‘ஒந்நு’. இங்கே காதை நம்பினால் பிழை வரும், எழுத்தைப் பார்த்தே படிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு ஏன் கேட்பதில்லை? காது மந்தமல்ல, பழக்கம். 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் ‘த’, ‘ட’ வித்தியாசத்தைக் கண்டுபிடித்தன. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் அதைக் கைவிட்டிருந்தன. ரஷ்ய மொழி கற்கும் தமிழருக்கும் இதே சங்கடம்தான். ‘பிராத்’ என்பதில் கடைசி மெய் வன்மையாக இருந்தால் சகோதரன். நடு நாக்கை அண்ணத்தை நோக்கி உயர்த்தி அதை மென்மையாக்கினால் ‘எடுத்தல்’. ரஷ்யருக்கு இவை மலையாளியின் கர, கற போல முற்றிலும் வேறு. நம் காதுக்கு முதலில் ஒன்றேதான்.

வயதானாலும் பழக்கினால் வரும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ‘அர’, ‘அற’ இரண்டையும் கலந்து பத்து முறை சொல்லச் சொல்லுங்கள். காதில் விழுந்ததை ஒரு தாளில் ‘ர’ அல்லது ‘ற’ என்று எழுதி, கடைசியில் பிள்ளையிடமே கொடுத்து மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பத்துக்கு எட்டு தொடர்ந்து வரத் தொடங்கியபின் ‘கர’, ‘கற’. அதற்குப் பிறகு ‘பேட்ட’, ‘வைற்றில’.