உண்ணத்தக்க பூச்சிகளின் நுண்ணுயிரெதிர்ப் பொருட்கள்

உண்ணத்தக்க பூச்சிகளின் நுண்ணுயிரெதிர்ப் பொருட்கள் என்பவை, மனிதர் உணவாகக் கொள்ளும் பூச்சிகளிலிருந்து பெறப்படுகின்ற, பாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருட்கள் ஆகும். சிறிய புரதங்களான பெப்டைடுகளும், புறவன்கூட்டிலுள்ள கைட்டினிலிருந்து தயாரிக்கப்படும் கைட்டோசானும் இவற்றுள் முக்கியமானவை. உணவு கெடாமல் காக்க இவற்றைப் பயன்படுத்துவது குறித்து ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன.

கண்டுபிடிப்பு

பூச்சிகளுக்கு மனிதருக்கு உள்ளதைப் போன்ற பிறபொருளெதிரிகள் இல்லை. காயமோ தொற்றோ ஏற்படும்போது அவற்றின் கொழுப்புத் திசு பெப்டைடுகளை உருவாக்கி, குருதிநிணநீரில் கலக்கச் செய்கிறது. சுவீடனைச் சேர்ந்த ஆன்சு போமனும் குழுவினரும் செக்ரோப்பியா என்னும் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுக்களை ஆராய்ந்து, செக்ரோப்பின் பெப்டைடுகளின் அமைப்பை 1981 இல் வெளியிட்டனர். பின்னர், கொரியாவில் கூட்டுப்புழு நிலையில் உண்ணப்படும் பட்டுப்புழுவில் செக்ரோப்பின்களும் மோரிசினும், மஞ்சள் மாவுப்புழுவில் தெனேசின் 1 என்பதும் கண்டறியப்பட்டன.

செயற்படும் முறை

செக்ரோப்பின் நேர்மின்னேற்றம் கொண்டது. பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டதாதலால், பெப்டைடு அதில் ஒட்டிச் சுருள் வடிவம் பெற்று மென்சவ்வைச் சிதைக்கிறது. உட்பொருட்கள் கசிந்து பாக்டீரியா இறக்கிறது. விலங்கு உயிரணுச் சவ்வின் வெளிப்புறம் பெரும்பாலும் மின்னேற்றமற்றது என்பதால், அவை குறைவாகவே பாதிக்கப்படுகின்றன. தெனேசின் 1 முக்கியமாகக் கிராம்-நேர் பாக்டீரியாவுக்கு எதிராகச் செயற்படுகிறது.

கைட்டினிலிருந்து அசெட்டைல் தொகுதிகளை நீக்கினால் கைட்டோசான் கிடைக்கும். அமில ஊடகத்தில் இதுவும் நேர்மின்னேற்றம் பெறுகிறது. பழங்களின் மீது மெல்லிய படலமாகப் பூசி, பூஞ்சைத் தாக்குதலைக் குறைக்க இது ஆராயப்பட்டுள்ளது. வணிகக் கைட்டோசான் பெரும்பாலும் இறால், நண்டு ஆகியவற்றின் ஓடுகளிலிருந்தே எடுக்கப்படுகிறது.

வரம்புகள்

இப்பொருட்கள் இருப்பதால் பூச்சிகளைப் பச்சையாக உண்பது பாதுகாப்பானது எனக் கொள்ளுதல் தவறு. பூச்சியின் குடலில் ஏராளமான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் வித்து உருவாக்கும் வகைகள் சிறிது நேரம் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. எனவே, நன்கு சமைத்தலும், சமைத்தபின் உலர்த்துதல் அல்லது குளிரூட்டுதலும் தேவை.

உணவிலுள்ள உப்பும் புரதச் சிதைப்பு நொதிகளும் பல பெப்டைடுகளின் ஆற்றலைக் குறைக்கின்றன. பூச்சியிலிருந்து கிடைக்கும் அளவும் மிகக் குறைவு. ஆகவே, மரபணு மாற்றப்பட்ட நுண்ணுயிரிகள் மூலம் உற்பத்தி செய்யும் முறைகளும் ஆராயப்படுகின்றன.

பூச்சியை உணவாக ஏற்பதும், அதன் பெப்டைடைப் பதப்பொருளாக ஏற்பதும் வெவ்வேறானவை. ஐரோப்பிய ஒன்றியம் உலர்ந்த மஞ்சள் மாவுப்புழுவை 2021 இல் புதுவகை உணவாக அனுமதித்தது. அவ்வனுமதி பெப்டைடைப் பிரித்தெடுத்துப் பிற உணவுகளில் சேர்ப்பதற்குப் பொருந்தாது. பாக்டீரியாவிலிருந்து பெறப்படும் நைசின் என்னும் பெப்டைடு, உணவுப் பதப்பொருளாகத் தனியே அனுமதி பெற்றதாகும். மேலும், இறால், நண்டு ஒவ்வாமை உள்ளோருக்குப் பூச்சிப் புரதங்களாலும் ஒவ்வாமை ஏற்படலாம்.