மக்காச்சோள வயலில் பட்டினி

கூண்டுச் சக்கரத்தில் ஓடும் செல்லப்பிராணியாகப் பலரும் அறிந்துள்ள ஹாம்ஸ்டர் இனங்களுள் உருவில் பெரியது, பழுப்பு முதுகும் கரிய வயிறும் கொண்ட ஐரோப்பிய ஹாம்ஸ்டராகும். பிரான்சின் கிழக்கெல்லையிலுள்ள அல்சாஸ் முதல் ரஷ்யா வரை பரவியுள்ள இக்கொறி விலங்கு, கதிர்மணிகளைக் கன்னப்பைகளில் அடைத்துச் சென்று வளையில் சேமித்து, உடல்வெப்பமும் இதயத்துடிப்பும் வெகுவாகத் தாழ்ந்துவிடும் குளிர்கால உறக்கத்தின் இடையிடையே விழித்து அவற்றை உண்டு, வசந்தத்தில் வெளிவந்து இனம்பெருக்குகிறது.

பயிரைத் தின்னும் பகையென்று உழவர்கள் பொறிவைத்துக் கொன்ற இவ்விலங்கைப் பிரான்சு 1993-இல் சட்டப் பாதுகாப்பின் கீழ்க் கொண்டுவந்தது. ஆயினும் எண்ணிக்கை தொடர்ந்து சரிந்ததால், அல்சாஸில் அதைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று 2011-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அந்நாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கொல்வது நின்ற பின்னும் இனம் ஏன் தேய்ந்தது என்ற வினாவுக்கான விடையின் முக்கியமான ஒரு பகுதி, பல பயிர்கள் விளைந்த சமவெளியைப் பெருமளவு மூடிவிட்ட மக்காச்சோளத்தில் இருந்தது.

ஸ்ட்ராஸ்பூர்க் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் படிப்பவரைக் கலங்கச் செய்பவை. கோதுமையுடன் மண்புழுவோ தீவனப்பயிரான குளோவரோ பெற்ற தாய்களின் குட்டிகளுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பால்குடி மறக்கும் வரை பிழைத்திருக்க, கோதுமைக்கு மாற்றாக மக்காச்சோளம் பெற்றவற்றின் குட்டிகளுள் 5 விழுக்காடே தப்பின. ஈனும் குட்டிகளின் எண்ணிக்கையில் குறைவில்லை. ஆனால் அத்தாய்கள் உயிருள்ள குட்டிகளைச் சேமித்த மணிகளோடு சேர்த்து வைத்துப் பின்னர் தின்றுவிட்டன. கூண்டில் வட்டமிட்டு ஓடுதல், நாக்கு வீங்கிக் கருத்தல் ஆகிய அறிகுறிகளும் காணப்பட்டன.

மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை மனிதர்களையும் முற்காலத்தில் பெலாக்ரா என்ற நோய் இவ்வாறே வாட்டியது. தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் என முற்றும் இந்நோய்க்குக் காரணம், நயாசின் எனப்படும் பி3 வைட்டமின் பற்றாக்குறை. மக்காச்சோளத்தில் நயாசின் இருந்தாலும் அதன் பெரும்பகுதி செரிமானத்தால் பிரிக்க இயலாதவாறு பிற பொருள்களோடு பிணைந்துள்ளது. அவ்வைட்டமினை உடல் தானே ஆக்கிக்கொள்ள உதவும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலமும் அதில் குறைவு. மெக்சிகோவின் தொல்குடியினர் தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அப்பிணைப்பை அவிழ்த்தார்கள். ஐரோப்பா பயிரை ஏற்றுக்கொண்டதே தவிர அந்தச் சமையலறிவைக் கற்றுக்கொள்ளவில்லை, அதற்கு அது கொடுத்த விலை பெரிது. ஹாம்ஸ்டரின் உணவில் நயாசினைச் சேர்த்ததும் தாய்கள் குட்டிகளை இயல்பாக வளர்த்தன என்பது ஐயத்தைப் போக்கியது.

ஆண்டுக்கு 20-க்கும் மேற்பட்ட குட்டிகளை ஈன்ற பெண் ஹாம்ஸ்டர் இன்று ஐந்தாறையே ஈனுகிறது என்று கூறி, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-இல் இவ்வினத்தை மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இந்த வீழ்ச்சிக்குத் தொழிற்பெருக்கம், புவி வெப்பமாதல், இரவின் செயற்கை ஒளி ஆகியவையும் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுவதால், பழியை மக்காச்சோளத்தின் மீது மட்டும் சுமத்துவது முறையாகாது. எனினும் உழவர் கையால் உடனே மாற்றக்கூடியது பயிர்தான். அல்சாஸில் கோதுமைக் கதிர்களின் ஒரு பகுதியை அறுக்காமல் விட்டுவைக்கும் உழவர்களுக்கு ஈட்டுத்தொகை வழங்கப்படுவது இந்த அறிவின் வழியே செல்லும் சரியான நடவடிக்கையாகும்.