‘ஒண்ணே ஒண்ணு’ என்னும் அவசரம்

“டேய், ஒண்ணே ஒண்ணு வச்சுப் பாருடா, ஒண்ணும் ஆகாது.” பள்ளிப் பிள்ளைகள் பலருக்குப் போதைப் பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. நண்பன் நீட்டுகிறான், யோசிப்பதற்குள் கை வாங்கிவிடுகிறது. முந்தின வாரம் புகையிலை ஒழிப்பு ஊர்வலத்தில் அட்டை பிடித்து நடந்த பையனாகக்கூட அவன் இருக்கலாம். தீங்கு அவனுக்குத் தெரியும். தெரிந்தது அந்த நொடியில் உதவிக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த வயதில் ஏன் இப்படி?

பின்விளைவை எடைபோட்டு ஆசையை அடக்குவது மூளையின் முன்பகுதி. அது முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகிவிடும். இன்பத்தைத் தேடும் பகுதியோ பருவமடையும்போதே வேகமெடுத்துவிடுகிறது. நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் அவசரம் இன்னும் கூடும். அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் 2005-இல் இன்னொரு ஆய்வாளருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியாக ஆடியதைவிட, நண்பர்கள் சூழ நின்றபோது வளரிளம் பிள்ளைகள் அதிகம் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவு அவசரக்காரர்கள் அல்லர். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, சிறுவயதில் சுயகட்டுப்பாடு குறைந்திருந்தவர்கள் 32 வயதில் போதைக்கு அடிமையாகும் வாய்ப்பு அதிகம் எனத் தெரிந்தது. ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடுதல். அதற்கான மாத்திரையே போதையில் தள்ளிவிடும் என்று அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெற்றோர் உண்டு. முறையான சிகிச்சை பின்னாளைய போதைப் பழக்கத்தைக் கூட்டுவதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன.

உதட்டுக்குள் ஒளியும் புகையிலை

நம் பள்ளிகளில் இன்று பெரிய கவலை ‘கூல் லிப்’. விரல் நுனி அளவே உள்ள புகையிலைப் பொட்டலம். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் புகை இல்லை, மெல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நிக்கோட்டின் இரத்தத்தில் ஏறும். தமிழ்நாட்டில் குட்கா வகைகளுக்கு 2013 முதல் தடை இருந்தும் இது மாணவர்களிடம் பரவுவது குறித்து, 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கவலை தெரிவித்தது. பிள்ளையின் ஈறில் வெள்ளைத் திட்டோ புண்ணோ தெரிந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தள்ளிப்போனாலே பாதி வெற்றி

15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானதாக, 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்குவதற்கும் அடிமையாவதற்கும் அவசர சுபாவமே வேராக இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் முதல் தடவை எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு நல்லது.

வெறும் அறிவுரையால் இது நடக்காது. கைக்கெட்டும் தூரத்தில் பொருள் இருக்கக் கூடாது. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பது குற்றம். சிறாருக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு, 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை. பள்ளி வாசல் பெட்டிக்கடையைப் பற்றிப் புகார் கொடுக்கப் பெற்றோர் தயங்கவே கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது ஒத்திகை. நண்பன் நீட்டினால் என்ன சொல்வாய் என்று இப்போதே கேளுங்கள். “வேணாம்டா, நாளைக்கு மேட்ச் இருக்கு” என்பது போல ஒரு பதில் நாக்கில் தயாராக இருந்தால், அந்த நொடியில் யோசிக்க வேண்டியதில்லை. கனடா ஆய்வாளர் பட்ரீசியா கான்ராட் உருவாக்கிய பள்ளித் திட்டமும் இந்த வழிதான்: அவசரக்காரப் பிள்ளைகளைத் தனிக் குழுவாக அமர்த்தி, அவரவர் சுபாவத்தை அடையாளம் கண்டு நிதானிக்கப் பழக்குகிறார்கள்.

பையில் பொட்டலம் சிக்கிவிட்டால் அடிக்காதீர்கள்; அடித்தால் அடுத்த தடவை இன்னும் நன்றாக ஒளிப்பான். எப்போது, யாரோடு, எத்தனை நாளாக என்று பொறுமையாகக் கேளுங்கள். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களை இலவசமாக அழைக்கலாம்.