கண்ணீரும் ஒரு காவல்



ஆலயத்தில் தீபாராதனையின்போது கற்பூரப் புகை பட்டவுடன் நம் கண்கள் கலங்குகின்றன. இஃது இறைவன் நம் உடலில் அமைத்துள்ள காவல். கண்ணின் முன்புறம் கண்ணாடி போல் விளங்கும் கருவிழிப் படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆனால் உணர்வு நரம்புகள் மிக நெருக்கமாக உள்ளன. புகையோ தூசியோ வறட்சியோ நேர்ந்தால் அவை மூளைக்குச் செய்தி அனுப்பும். உடனே கண்ணீர் சுரக்கும். இமை மூடித் திறக்கும்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட விரும்பி நம் இளைஞர் பலர் 'லாசிக்' எனும் லேசர் சிகிச்சை செய்துகொள்கின்றனர். இதில் கருவிழிப் படலத்தின் மேற்பகுதியை மெல்லிய ஏடாகச் சீவி, புத்தகத்தின் அட்டையைப் போல் ஒரு பக்கம் ஒட்டியிருக்குமாறு திறப்பர். உட்பகுதியை லேசர் கதிரால் செதுக்கியபின் ஏட்டை மூடிவிடுவர். ஏட்டைச் சீவும்போது நரம்புகள் பல அறுபடுகின்றன.

செய்தி குறைவதால் கண்ணீரும் இமைப்பும் குறைந்து கண் வறள்கிறது. ஆனால், வறட்சியை உணர்த்தவேண்டிய நரம்பே அறுபட்டிருப்பதால் சிலருக்கு அது தெரிவதில்லை. "வலியில்லையே, மருந்து எதற்கு?" என்று சொட்டு மருந்தை நிறுத்திவிடுகின்றனர். வலியின்மை நலத்திற்குச் சான்றன்று. நாம் உணராமலே படலத்தின் மேற்பரப்பு புண்பட்டுப் பார்வை மங்கக்கூடும்.

பெரும்பாலோர்க்கு 6 முதல் 12 மாதங்களில் உணர்வு திரும்பிவிடும். மிகச் சிலருக்கோ, கண் பார்வைக்கு நலமாகத் தோன்றினும் எரிச்சலும் வலியும் நீடிக்கும். அது பாசாங்கன்று, நரம்புகள் சரிவர வளராமையால் வரும் வலி. வீட்டார் கடிந்துகொள்ளாமல் மீண்டும் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

கருத்தில் கொள்ள வேண்டியவை:

1. கண் வறட்சி, காண்டாக்ட் லென்ஸ் பழக்கம், நீரிழிவு, மூட்டுவாதம் இருப்பின் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கூறுக.

2. சொட்டு மருந்தை மருத்துவர் குறித்த நாள்வரை தவறாது இடுக.

3. கணினி, கைப்பேசி பார்க்கையிலும் குளிர்சாதன அறையிலும் அடிக்கடி இமைக்கப் பழகுக.

4. கண்ணைக் கசக்கலாகாது; ஏடு நகர்ந்துவிடக்கூடும். தீபத்தை வணங்கிய கையைக் கண்ணில் ஒற்றுவதையும், தீர்த்தத்தைக் கண்ணில் தெளிப்பதையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்க்க. கைகூப்பி வணங்கினாலே போதும். திருநீறு பூசும்போது கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்க.

பெற்றோர்களே, பிள்ளைகளின் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. "மருந்து விட்டாயா?" என்று நாள்தோறும் கேளுங்கள். எல்லாம் வல்ல இறைவன் அருளால் அனைவரும் கண்ணொளி குன்றாது நலமுடன் வாழ்க!