ஓவியம் சொல்லாத கதை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

கதை எழுதச் சொன்னால் நம்மில் பலருக்குக் கை ஓடுவதில்லை. தேர்வுத்தாளில் பக்கம் பக்கமாக எழுதும் நானும் 'ஓர் ஊரில்' என்பதோடு நின்றுவிடுவேன். வீட்டில் புத்தகம் பார்த்து வளராதவனுக்குக் கதை வராது என்றே நம்பியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது நூலகத்தில் கண்ட ஒரு ஜப்பானியப் படம்.

ஜப்பானில் 'உக்கியோ-எ' என்றோர் அச்சோவிய மரபு உண்டு. ஓவியர் வரைந்ததை மற்றொருவர் செர்ரி மரப் பலகையில் செதுக்குவார். அச்சிடுபவர் நிறத்துக்கு ஒரு பலகையாக மை தடவி, தாளை வைத்துக் கையால் தேய்த்து எடுப்பார். ஹொக்குசாயின் 'பேரலை' (சுமார் 1831) இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. அதிலுள்ள பிரஷ்ய நீலம் நமக்குப் புதிதன்று. ஃபெரிக் உப்புக் கரைசலில் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு விட்டதும் சோதனைக் குழாயில் தோன்றும் அதே நீலம்தான்!

என்னைக் கவர்ந்தது, ஹிரோஷிகே 1857-இல் படைத்த திடீர் மழைக் காட்சி. இடம், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரின் மரப்பாலம். மெல்லிய கருங்கோடுகளாக மழை பொழிகிறது. வான்கோவே 1887-இல் இதைப் பார்த்து வரைந்தார்.

இதிலிருந்து கதை எடுப்பது எப்படி? முதலில் படத்தைப் புகழாதீர்கள், கவனியுங்கள். யார் யார் இருக்கிறார்கள்? எந்தப் பக்கம் போகிறார்கள்? அடுத்து, இதற்கு முன் என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்று கேளுங்கள். பிறகு, கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

நான் தேர்ந்தெடுத்தவர் ஆற்றிலே கட்டைத் தெப்பம் தள்ளுபவர். பாலத்தில் எல்லோரும் நனையாமல் ஒதுங்க விரைகிறார்கள். அவரோ கழியை விட முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தபோது இரும்பையில் சவுக்குக் கட்டை ஏற்றும் என் தந்தையார் நினைவுக்கு வந்தார். மழை வந்ததும் மற்றவர்கள் டீக்கடைக்கு ஓட, லாரியின் உச்சியில் நின்று கயிறு இறுக்கியவர் அவர். மூன்று பக்கம் எழுதினேன்.

அன்றிரவு அவருக்கே படித்துக் காட்டினேன். "மழைக்கு அஞ்சாதவர்" என்று எழுதியிருந்தேன். அவர் சிரித்தார். "மழை எங்கடா தெரிஞ்சுது? சரக்கு சரிஞ்சா கூலி போயிடுமேன்னுதான் பயம்" என்றார். அந்த ஒரு வரியைச் சேர்த்த பிறகே அது கதையாயிற்று.

தோழர்களே, ஜப்பானியப் படம்தான் வேண்டுமென்பதில்லை. நம் மாவட்டத்துப் பனைமலையில் பல்லவர் தீட்டிய பார்வதி இன்றும் கதை கேட்டு நிற்கிறாள். படம் கேள்வி கேட்கும். விடை நம் வீட்டிலேயே இருக்கும். எழுதிப் பாருங்கள்!