ஆக்சிஜன் சென்சார் எந்தப் பக்கம்?

செக் எஞ்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்த மெக்கானிக், “ஓ-டூ சென்சார் போயிடுச்சு சார்” என்கிறார். டீயைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்த சென்சார்?” இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இரண்டு இருக்கின்றன. இரண்டுக்கும் வேலை வேறு, இடமும் வேறு.

இடம் கண்டுபிடிக்கப் புகை போகும் வழியைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். எஞ்ஜினிலிருந்து புகை முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு வருகிறது. அடுத்து கேட்டலிடிக் கன்வர்ட்டர், அதன் பிறகுதான் சைலன்சர். கன்வர்ட்டருக்கு முன்னால் திருகியிருப்பது முதல் சென்சார், அதைத் தாண்டி இருப்பது இரண்டாவது. பானெட்டைத் திறந்தால் முதலாவது பெரும்பாலும் கண்ணில் படும். சில எஞ்ஜின்களில் மேனிஃபோல்டு ரேடியேட்டர் பக்கம் இருக்கும், சிலவற்றில் டேஷ்போர்டு பக்கம் ஒளிந்திருக்கும். இரண்டாவதைப் பார்க்க வண்டிக்குக் கீழே போக வேண்டியிருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். குழாய் நன்றாக ஆறியிருக்கட்டும்.

பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். கட்டை விரல் பருமனில் ஓர் உலோகத் துண்டு, இடுப்பில் அறுகோண நட்டு, வால்போல நான்கு ஒயர்கள். குழாய்க்குள் நீட்டியிருக்கும் முனையில் சின்னச் சின்னத் துளைகள். பல வண்டிகளில் 22 எம்எம் ஸ்பேனர் பொருந்தும். நான்கு ஒயர்களில் இரண்டு உள்ளே இருக்கும் ஹீட்டருக்கு. ஏறக்குறைய 300 டிகிரி சூடேறினால்தான் சென்சார் சரியாக வேலை செய்யும். அதற்காகத்தான் ஹீட்டர்.

முதல் சென்சார், எரிந்த புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து எஞ்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கைக் கம்ப்யூட்டர் அதை வைத்தே சரிசெய்கிறது. சாதாரண வகை சென்சாராக இருந்தால், ஸ்கேனரில் அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9-க்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும். அதுதான் ஆரோக்கியம். இரண்டாவது சென்சார் கன்வர்ட்டரைக் கண்காணிக்கிறது. கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் அதன் கோடு பெரிதாக ஆடாமல் ஒரே மட்டத்தில் போகும்.

1976-இல் வால்வோ கார்களில் பாஷ் சென்சார் வந்தபோது ஒன்றுதான் இருந்தது. கன்வர்ட்டரை வண்டியே சோதிக்க வேண்டும் என்று ஓபிடி-2 விதி வந்த பிறகே இரண்டாவது பரவலானது. அமெரிக்காவில் 1996 முதல் அது கட்டாயம்.

ஸ்கேனர் காட்டும் குறியீட்டில் ‘பேங்க் 1’ என்றால், ஒன்றாம் நம்பர் சிலிண்டர் இருக்கும் வரிசை. நம்மூர் நான்கு சிலிண்டர் கார்களில் இருப்பதே ஒரு வரிசைதான், குழப்பமில்லை. வி-6 எஞ்ஜினில் இரண்டு வரிசை. ஒன்றாம் சிலிண்டர் எந்தப் பக்கம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவலைப் பார்த்தே ஆக வேண்டும். பி0135 முதல் சென்சாரின் ஹீட்டர் கோளாறு, பி0141 இரண்டாவதன் ஹீட்டர் கோளாறு.

பி0420-தான் அதிகப் பணத்தை வீணாக்குவது. கன்வர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். அந்தத் தகவலைச் சொன்ன இரண்டாவது சென்சாரையே பழுது என்று கழற்றிப் போடுகிறார்கள். புதியது மாட்டிய பிறகும் அதே விளக்கு எரியும். இன்னொன்றும் உண்டு: மேனிஃபோல்டு கேஸ்கட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, நல்ல சென்சாரையும் ஆக்சிஜன் அதிகம் என்று சொல்ல வைத்துவிடும். ஆகவே புது சென்சாருக்குப் பணம் கொடுக்கும் முன், கேஸ்கட்டையும் ஒயர் கனெக்டரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.