வளவில் தானே முளைத்த கன்றுகள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையோர ஊர்களில் மாரி மழை தணிந்ததும், தை, மாசி மாதங்களில், வீட்டுவளவுகளில் காய்கறி நடுவர். அவ்வேளை எருக்குழியருகே விதைக்காத தக்காளியும் பூசினியும் சுரையும் பப்பாசியும் முளைத்து நிற்கக் காணலாம். அவை எல்லாவற்றையும் பிடுங்குதல் தகாது. எல்லாவற்றையும் நம்புதலும் தகாது.

தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஆதலின் கலப்பினமல்லாத செடியின் கன்று தாயை ஒத்தே காய்க்கும். பூசினியிலும் சுரையிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. அயல் வளவின் மகரந்தத்தையும் பூச்சிகள் கொணரும். இக்கலப்பு அவ்வாண்டுக் காயில் தோன்றாது. அதன் விதையில் எழும் கொடியிலேயே வெளிப்படும். பூசினியும் சுரையும் தம்முள் கலந்துவிட்டன என்பர் சிலர். அவை வேறு இனங்களாதலின் கலவா.

அஞ்சவேண்டியது கசப்பையே. தானே முளைத்த சுரை சிலவேளை கடுங்கசப்பாய்க் காய்க்கும். கறிக்கு அரியுமுன் சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். சமைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். அக்காயை எருக்குழியிலும் எறியலாகாது. விதை மீண்டும் முளைக்கும்.

பப்பாசி பூக்குமுன் ஆணா பெண்ணா என அறியவியலாது. ஆகவே குழிக்கு மூன்று கன்றுகள் விடுக. நீண்ட காம்பில் பூங்கொத்துத் தொங்குவது ஆண்மரம். மகரந்தத்திற்கென வளவில் ஒன்றை வைத்து ஏனையவற்றை அகற்றுக. மணலில் நீர் நில்லாதாதலின், புதுக்குழிகளின் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளை அடுக்கி, அதன்மேல் எருவிடுக.